லாக்கப்புக்குப் போகும் முன் ஒரு தேங்காய்

இனிமேல் எந்த நாளில் எந்த லாக்கப்பைப் போய்ப் பார்ப்பது என்பதைக் கணினியே குலுக்கிப் போட்டுச் சொல்லிவிடுமாம். அதிகாரிக்கே அன்று காலை எட்டு மணிக்குத்தான் கைப்பேசியில் செய்தி வருமாம். எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சுமதி போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாளா? "அக்கா, ஆபீஸ்ல மலர் ஒண்ணு போடறோம். உங்க காலத்துல சர்ப்ரைஸ் விசிட் எல்லாம் எப்படிப் போனீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாள்.

எனக்கு வந்ததே சிரிப்பு! குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. "என்னாக்கா, ஏன் சிரிக்கிறீங்க?" என்று அவள் பதறினாள். "எழுதித் தர்றேன் லா. படிச்சிட்டு நீயே சிரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தச் சிரிப்புக்கான காரணம்தான் இந்தக் கட்டுரை.

என் பெயர் பத்மாவதி. வேலையில் இருந்த முப்பத்து மூன்று வருடமும், ஓய்வு பெற்ற இந்த நாலு வருடமும் குடியிருப்பது பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யும் நாளில் எனக்கு வாய் கொஞ்சம் குறைவு, செய்யாத நாளில் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் இருந்தது உள்துறையின் கீழ் இயங்கிய ஒரு சின்னப் பிரிவு. போலீஸ் லாக்கப்பில் அடைபட்டிருப்பவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், மருந்து எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து எழுதிவைப்பதுதான் எங்கள் வேலை. அவர் குற்றவாளியா இல்லையா என்பது கோர்ட்டின் பாடு. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பது எங்கள் பாடு.

தட்டெழுத்தராகத்தான் சேர்ந்தேன். பத்து வருடம் கழித்துக் கோலாலம்பூருக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் சட்டப் பிரிவுகளை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அங்கே போட்ட மீன் கறி மட்டும்தான். உண்மையான பயிற்சி திரும்பி வந்து மெய்யப்பன் சாரிடம் சேர்ந்த அன்று தொடங்கியது.

மெய்யப்பன் சார் செட்டியார் வீட்டுப் பிள்ளை. பினாங் தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைத் தொழில் உண்டு. அதையெல்லாம் அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு அரசாங்க வேலைக்கு வந்தவர். "எங்க வீட்ல எல்லாரும் ஜெயிலுக்குப் போகாம இருக்கப் பாடுபடறாங்க, நான்தான் வாரா வாரம் போய்ட்டு வர்றேன்" என்று சிரிக்காமல் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளுக்குப் பிறகு வருகிறேன். குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எவர்சில்வர் கரண்டி இருக்கும். எங்கே போனாலும் கைதிக்குப் போட்ட சாப்பாட்டில் அந்தக் கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்லியே ஆக வேண்டும். காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் அதிகாரியின் அறைக்குப் போக மாட்டார். நேரே லாக்கப்பின் கக்கூசுக்குப் போய்க் குழாயைத் திறந்து, வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு பாய், பிறகு விளக்கு, பிறகு சாப்பாடு. சந்தைக்குக் கொண்டுபோகும் பசார் கூடை ஒன்றில் சின்னத் தராசு வைத்துக்கொண்டு பின்னாலேயே நான் போவேன். மீன் துண்டை நிறுத்துப் பார்த்துப் பெரிய நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. நிலையத்துப் போலீஸ்காரர்கள் என்னை மீன்காரம்மா என்று கூப்பிடுவார்கள். நானும் "இன்னைக்கு உங்க மீன் எத்தனை கிராம், பார்ப்போமா?" என்று விடாமல் வம்பிழுப்பேன்.

அடைபட்டிருப்பவர்களிடம் சார், "ஏதாவது குறை இருக்கா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் சார்ஜன் நிற்கும்போது எவன் குறை சொல்வான்? அவர் கேட்பது மூன்று கேள்விதான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், நேற்று உங்களைப் பார்க்க யார் வந்தார்கள். "இன்னைக்குச் செஞ்சது நமக்காக இருக்கலாம், பத்மாவதி. நேத்துதான் அவங்களோடது" என்பார். அதோடு இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் நோட்டில் எழுதக் கூடாது.

இவற்றையெல்லாம்விட விசித்திரமான வழக்கம் ஒன்று இருந்தது. போகிற இடத்திலெல்லாம் எங்களில் ஒருவர் காலி அறை ஒன்றுக்குள் போய் உட்கார, வெளியே பூட்டச் சொல்வார். பத்து நிமிடம். "பூட்டாம பார்த்தா அது வெறும் ரூம். பூட்டிப் பார்த்தாத்தான் லாக்கப்." என் முதல் நாளில், புதுசாக வந்த வேகத்தில், "நான் போறேன் சார்!" என்று துள்ளிக் குதித்து உள்ளே போனேன். பத்து நிமிடம் ஆனது. சாவியைப் போட்டுத் திருப்பினார்கள். சாவி பாதி பூட்டுக்குள்ளும் மீதி போலீஸ்காரர் கையிலுமாக உடைந்து வந்தது.

ஐயோ, அந்த நாற்பது நிமிடம்! பூட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். மெய்யப்பன் சார் கம்பிக்கு வெளியே சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகவே இல்லை. "அழறதுக்கு நடுவுல கொஞ்சம் சொல்லுங்க. உள்ளே காத்து வருதா?" என்று கேட்டு, நான் சொன்னதை அவரே நோட்டில் எழுதினார். வெளியே வந்ததும் சாலையோர முனியாண்டியை நினைத்து ஒரு வேண்டுதல் வைத்தேன். அப்பா, இனிமேல் எந்த லாக்கப்புக்குப் போனாலும் போகிற அன்றைக்குக் காலையில் உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன், நீ என்னைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடு.

எங்கள் அடுக்குமாடிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஆலமரத்தடியில் அந்தக் கோயில் இருக்கிறது. வாசலில் கமலா அக்காவின் பூக்கடை. தேங்காயும் அங்கேதான். சாதாரண நாளில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். லாக்கப்புக்குப் போகிற நாளில் அக்காவிடம் ஒரு தேங்காய் வாங்கி, கல்லில் ஓங்கிப் போட்டுச் சிதற விட்டுவிட்டு ஏறுவேன். "என்னா பத்மா, இன்னைக்கு உள்ளே போறியா?" என்று அக்கா சிரிப்பாள். "ஆமாக்கா, வெளியே வர வேண்டிக்குங்க" என்பேன். ஆறு வருடம் இப்படியே போனது. எந்தப் பூட்டிலும் சாவி உடையவில்லை.

எந்த நாளில் போவது என்பதை முந்தின சாயங்காலம் சார் என்னிடம் மட்டும் சொல்வார். "நாளைக்குத் தட்டைச் செருப்பு போட்டுட்டு வாங்க" என்றால் அர்த்தம் அதுதான். எந்த இடம் என்பது அவருக்கே தெரியாது. காலையில் பிஸ்கட் டின்னில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார், ஓட்டுநர் காதர் அண்ணன் ஒன்றை எடுப்பார், கிளம்புவோம். அப்புறம் எப்படிச் செய்தி வெளியே போகும்? போகவே முடியாது என்றுதான் நினைத்தோம். ஆனால் நாங்கள் போகிற இடமெல்லாம் தரையில் டெட்டால் வாசனை அடித்தது. மீன் துண்டு தராசில் கச்சிதமாக நின்றது. பினாங்கு லாக்கப்புகள் நன்றாகத்தான் நடக்கின்றன என்று நான் சந்தோஷப்பட்டேன். சார் மட்டும் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்கே" என்று கவலையாகச் சொல்வார்.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை செல்வி வந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல், பாலத்தைத் தாண்டி நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவள் கணவர் முருகையா, கார் பட்டறையில் மெக்கானிக். அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்காக நடந்த சண்டையில் யாருக்கோ பல் போய்விட்டது. பல்லை உடைத்தது முருகையாவின் மச்சான். அவன் ஓடிவிட்டான். நடுவில் புகுந்து விலக்கிவிட்ட மனிதரைப் பிடித்து ஏழு நாள் காவலில் வைத்துவிட்டார்கள்.

"அடைச்சு வச்சதுக்கு நான் வரலக்கா" என்றாள். "அவருக்கு இழுப்பு இருக்கு. சின்னப் பிள்ளையிலேருந்து. வாயில அடிச்சுக்கிற பம்பு இல்லாம அவரால ஒரு நாள் தாங்க முடியாது. அதை வாங்கி வச்சுக்கிட்டாங்க. சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாதாம், ரூல்ஸாம். நேத்து அஞ்சு நிமிஷம் பார்க்க விட்டாங்க. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஏழு நாள் தாங்க மாட்டாருக்கா. உயிரோட வீட்டுக்கு வரமாட்டாரு." சொல்லிவிட்டு அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டும் உட்காரவில்லை.

சார் உடனே போனை எடுத்து முருகையாவை அடைத்திருந்த நிலையத்தின் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மருந்தெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறோம், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று பதில் வந்தது. அன்று சாயங்காலம் சார் என்னைப் பார்த்து, "தட்டைச் செருப்பு" என்றார். பிஸ்கட் டின் இந்த முறை தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தேங்காயை உடைத்துவிட்டுப் போனேன். முருகையா அறையில் உட்கார்ந்திருந்தார். கையில் நீல நிறப் பம்பு. மூச்சு சீராகத்தான் வந்தது. சார்ஜன் பக்கத்திலேயே புன்னகையோடு நின்றார். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?" என்று சார் கேட்டதும் முருகையா சார்ஜனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நல்லாத் தூங்கினேங்க" என்றார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பம்பு கையில் இருந்ததைக் கண்ணால் பார்த்தோம், அதைத்தான் எழுத முடிந்தது.

காரில் ஏறியதும் சார் சொன்னார்: "அந்தப் பம்புல பழுப்பு ஸ்டிக்கர் ஒண்ணு பாதி கிழிஞ்சு ஒட்டியிருந்துச்சு, பார்த்தீங்களா? கைதியோட சாமான்களைப் போட்டு வைக்கிற உறை மேல ஒட்டற நம்பர் ஸ்டிக்கர் அது. இன்னைக்குக் காலையில உறையைக் கிழிச்சு எடுத்துக் குடுத்திருக்காங்க."

புதன்கிழமை செல்வி மறுபடி வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. "நீங்க வர்றதுக்கு முன்னாடி குடுத்தாங்களாம். உங்க கார் வெளியே போனதும் வாங்கிட்டாங்களாம். உங்ககிட்ட உண்மையைச் சொன்னா அப்புறம் என்னா செய்வாங்களோன்னு பயந்துட்டாரு." வியாழக்கிழமை இன்னொரு தேங்காய், இன்னொரு விசிட். மறுபடியும் கையில் பம்பு, மறுபடியும் புன்னகை. ஆனால் முருகையாவின் உதடு கறுத்திருந்தது. ஏழு நாளில் ஐந்து போய்விட்டன.

திரும்பி வந்ததும் சார் காதர் அண்ணனை அறைக்குள் கூப்பிட்டார். நானும் இருந்தேன். காதர் அண்ணன் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். கார் ஓட்டும்போது பழைய பாட்டுகளை முனகிக்கொண்டே இருப்பவர். சார் மெதுவாக, "காதர், நாம போற நாள் வெளியே தெரிஞ்சிருது. மூணு பேருதான் இருக்கோம். உங்க ஹேண்ட்போனைக் கொஞ்ச நாள் என்கிட்ட குடுத்து வைக்கிறீங்களா?" என்றார். காதர் அண்ணன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். கார் சாவியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "சாவியையும் வச்சுக்குங்க சார். சந்தேகம் வந்த பிறகு எனக்கு எதுக்கு?" சாவியைச் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அந்த மனிதர் ஒரு பாட்டும் முனகவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. எப்படிப்பட்ட பாவம் இது, ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விசிட் கிடையாது என்பதால் தேங்காயும் கிடையாது. முனியாண்டிக்கு ஒரு முழம் பூ மட்டும் வாங்கலாம் என்று கமலா அக்காவிடம் நின்றேன். அக்கா பூவை அளந்துகொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னா பத்மா, இந்த வாரம் மட்டும் ரெண்டு தேங்காய்! என் தம்பி பாவம் லா. ரெண்டு நாளும் பசாருக்கு விழுந்தடிச்சு ஓடி நல்ல மீனா வாங்கினான்."

"உங்க தம்பி ஓடினா எனக்கென்னாக்கா?"

"என்னா இப்படிக் கேக்கறே? போலீஸ் பாலாய் லாக்கப்புக்கெல்லாம் சாப்பாடு போடறது அவன்தானே! நீ தேங்காய் வாங்கினதும் நான் போன் போட்டுச் சொல்லிடுவேன், டேய், பத்மா இன்னைக்கு வர்றா, மீனைப் பெருசா வெட்டுன்னு. அவனும் சாப்பாடு இறக்கப் போற பாலாய்லெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிடுவான். நீ போற இடத்துல உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது பாரு. ஆறு வருஷமா இதானே நடக்குது. தெரியாதா உனக்கு?"

அக்கா பாசத்தோடு என் தலையில் பூவை வைத்துவிட்டாள். முனியாண்டியை நிமிர்ந்து பார்த்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடப்பாவி பத்மா! காட்டிக்கொடுத்தது காதர் அண்ணன் இல்லை. ஆறு வருடமாகத் தீவு முழுக்க மணியடித்துச் சொன்னது நீதான்.

பஸ்ஸில் போகும்போது பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. தேங்காயை நிறுத்திவிட்டால் போதுமே, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மேசைமேல் சாவியை வைத்த காதர் அண்ணனின் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேரே சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். உடைந்த சாவி, வேண்டுதல், தேங்காய், கமலா அக்கா, தம்பி, மீன். "வேலையை விட்டு எடுத்துடுங்க சார், நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்று முடித்தேன்.

சார் கரண்டியை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி துடைத்தார். திடீரென்று அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்! கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர வர மெய்யப்பன் சார் சிரிக்கிறார். "பிஸ்கட் டின்!" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் பிஸ்கட் டின்னை வேற குலுக்கிட்டு இருந்தேன்!" என்றார்.

சிரித்து முடித்ததும் எழுந்து கீழே போனார். காருக்குப் பக்கத்தில் நின்ற காதர் அண்ணனிடம் போனைக் கொடுத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுது, காதர். மன்னிச்சுக்குங்க" என்றார். நானும் அழுதுகொண்டே என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டேன். காதர் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தங்கச்சி, நீ தேங்காயில பண்ணின வேலைக்கு எனக்கு நீ வாழ்நாள் பூரா தேத்தண்ணி வாங்கிக் குடுக்கணும்" என்றார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குத் தேங்காய் உடைச்சீங்களா?" "இல்ல சார்." "அப்ப ஏறுங்க, இப்பவே போவோம்."

தேங்காய் உடைக்காமல் லாக்கப்புக்குள் போவதா? கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதர் அண்ணன் பின்னால் திரும்பி, "உனக்காக நான் ஒரு துஆ ஓதிடறேன். ஏறு தங்கச்சி, அந்த ஆளு மூச்சுக்குத் தவிக்கிறான்" என்றார். ஏறிவிட்டேன்.

காலை பத்தரை மணி இருக்கும். அந்த நிலையத்தில் டெட்டால் வாசனை இல்லை. கக்கூஸ் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. தட்டில் சோறும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவாடும் கிடந்தன. சார் எதையும் நின்று பார்க்கவில்லை. முருகையா கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வெளியே வந்தது. இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. எங்களைப் பார்த்துப் பேச முயன்றார், வார்த்தை வரவில்லை.

"பம்பு எங்கே?" என்று சார் மலாயில் கேட்டார். சார்ஜனின் புன்னகை காணாமல் போயிருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து பழுப்பு உறையை எடுத்தார். சார் வாங்கிக் கிழித்து, கம்பி வழியாகக் கையை விட்டு, பம்பை முருகையாவின் வாயில் தாமே வைத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அவசரத்தில் இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினேன்.

அந்தச் சார்ஜன் கெட்டவர் இல்லை. சின்ன வயசு. பம்புக்குள் உலோகக் குப்பி இருக்கிறது, உள்ளே எந்தச் சாமானும் விடக் கூடாது என்பது உத்தரவு, ஏதாவது ஆகிவிட்டால் என் தலை போகும் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். அப்படியானால் நாங்கள் வந்த இரண்டு நாளும் ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கத்தினேன். சார் என்னைக் கையமர்த்தினார். சார்ஜனின் மேசையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேத்தண்ணி ஒன்று இருந்தது. அதிலிருந்து உறிஞ்சுகுழலை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இது வழியா மட்டும் மூச்சு விடுங்க. ஒரு நிமிஷம்." சார்ஜன் அதை வாயில் வைத்தார். கால் நிமிடத்தில் முகம் சிவந்து குழலைத் துப்பிவிட்டார். "இவரு ஆறு நாளா இப்படித்தான் விடறாரு" என்றார் சார், அதே மெல்லிய குரலில். பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்க, பத்மாவதி. கண்ணால பார்த்தாச்சு" என்றார்.

எழுதினேன். ஆறு வருடத்தில் நான் எழுதிய முதல் உண்மையான பக்கம் அதுதான். முருகையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மச்சான் தானாக வந்து சரணடைந்ததால் வழக்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்தை வைத்து மேலே எழுதி, மூச்சு மருந்தைக் கைதியின் கையிலேயே விட வேண்டும் என்று எல்லா லாக்கப்புக்கும் உத்தரவு வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே சார் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் தேங்காயே கூடாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"நாளையிலேருந்து தினமும் உடைங்க" என்றார்.

"தினமுமா சார்?"

"தினமும். லீவு நாள்லயும். நாம எப்ப வருவோம்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா, எல்லா நாளும் வர்ற மாதிரி இருக்கணும்."

"முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரா? போகாத நாள்ல போறேன்னு பொய்த் தேங்காய் உடைச்சா?"

சார் கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "பொய் இல்ல, பத்மாவதி. நாம போகாத நாள்லயும் அவங்க உள்ளேதானே இருக்காங்க?"

மறுநாளிலிருந்து நான் தினமும் தேங்காய் உடைத்தேன். கமலா அக்கா ஒரு வாரம் வாயைப் பிளந்தாள். தம்பி தினமும் பசாருக்கு ஓடினார், மீனைப் பெரிதாக வெட்டினார், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வார்த்தை சொன்னார். நாங்கள் எப்போது போனாலும் சரி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சார்ஜனைத் திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது. குழாய்களும் ஒவ்வொன்றாகச் சரியாகின. மெய்யப்பன் சார் ஓய்வு பெற்ற அன்று அந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடமிருந்து அது இப்போது சுமதியிடம் இருக்கிறது. கணினி நாளைக் குறிக்கட்டும் சுமதி, கரண்டியை மட்டும் விட்டுவிடாதே.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, வழக்கம்போல் கோயிலுக்குப் போய் கமலா அக்காவிடம் தேங்காய் கேட்டேன். அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"உனக்குத்தான் வேலை முடிஞ்சு போச்சே பத்மா. நீ இனிமே எந்த லாக்கப்புக்கும் போகப் போறதில்லையே. அப்புறம் எதுக்குத் தேங்காய்?"

"உங்க தம்பி ரிட்டயர் ஆயிட்டாராக்கா?"

"அவனா? இன்னும் இல்ல. சாப்பாடு அவன்தானே போடறான்."

"அப்ப ஒண்ணு குடுங்க."

அக்கா கூடைக்குள் கையை விட்டு இருப்பதிலேயே பெரிய தேங்காயாகத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். கல்லை நோக்கி நான் நாலு அடி நடப்பதற்குள் பின்னால் அவள் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டேய் தம்பி, பத்மா இன்னைக்கும் வர்றாடா. மீனைப் பெருசா வெட்டு."